இருபது கிலோ நாயும் ஆயிரம் வாட் வெயிலும்

இணையக் கடைகளில் விற்கும் மர நாய் வீடுகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். சரிந்த கூரை, அதன்மேல் கறுப்புத் தார்த் தகடு, குனிந்து நுழையும்படி ஒரு சின்ன வாசல், மற்ற மூன்று பக்கமும் இடைவெளியில்லாத பலகை. சிலவற்றில் வாசலுக்குப் பிளாஸ்டிக் திரைகூட உண்டு. பனி பெய்யும் ஊர்களுக்காக உருவான வடிவம் இது. அங்கே நாய் தன் உடம்புச் சூட்டைக் கொண்டே உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அதனால் அறை சிறிதாக இருக்க வேண்டும், வாசல் குறுகலாக இருக்க வேண்டும், சுவரில் கீறல்கூட இருக்கக் கூடாது. அந்த ஊருக்கு அது குறை சொல்ல முடியாத பொறியியல். அதையே வாங்கி வேலூரிலோ திருச்சியிலோ மொட்டை மாடியில் வைத்தால், அதன் ஒவ்வொரு நல்ல குணமும் நாய்க்கு எதிராக வேலை செய்யத் தொடங்கும்.

எப்படி என்று பார்க்க நாயின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். அதன் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிட ஒன்றரை, இரண்டு டிகிரி கூடுதல். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களின் அடியில் மட்டும், அதுவும் பேருக்குத்தான். அதன் குளிர்சாதனம் மூக்கிலும் நாக்கிலும் இருக்கிறது. சும்மா படுத்திருக்கையில் நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை மூச்சுவிடும் நாய், இரைக்கத் தொடங்கினால் முந்நூறு முறையைக்கூடத் தொடும். ஈரமான பரப்பின்மேல் காற்று ஓட ஓட நீர் ஆவியாகிறது. ஒவ்வொரு கிராம் நீரும் போகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கையோடு எடுத்துப்போகிறது.

இனிக் கொஞ்சம் கணக்கு. கிலோவில் உள்ள எடையை 0.75 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும் நாய் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றல் கிலோகலோரியில் கிடைக்கும். கால்நடை மருத்துவர்கள் தீவன அளவுக்குப் பயன்படுத்தும் வாய்பாடு இது. 20 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 660 வருகிறது. வாட்டில் சொன்னால் 32. அதாவது ஒரு நடுத்தர நாய் எதுவும் செய்யாமல் படுத்திருந்தாலே 32 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். சுற்றியிருக்கும் காற்று உடம்பைவிடக் குளிர்ந்திருக்கும்வரை இதில் பெரும்பகுதி தோல் வழியாகவே போய்விடும். காற்று 38 டிகிரியைத் தொட்டதும் அந்த வழி அடைபடுகிறது. மிச்சமிருப்பது ஆவியாதல் ஒன்றுதான். 32 வாட்டை அது மட்டுமே சுமக்க வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 48 கிராம் நீர் ஆவியாக வேண்டும்.

ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 0.6 கன மீட்டர். 38 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 46 கிராம் நீராவியைத் தாங்கும். சென்னையில் அந்த வெப்பத்தில் காற்று ஏற்கெனவே பாதி நிறைந்திருப்பது அதிசயமில்லை. ஆகவே நம் பெட்டிக்குள் இன்னும் இடம்கொள்ளக் கூடியது வெறும் 14 கிராம். நாய் மணிக்கு 48 கிராம் விடுகிறது. காற்று மாறாமல் அடைபட்டிருந்தால் இருபது நிமிடத்துக்குள் பெட்டி நிரம்பிவிடும். அதன்பிறகு நாய் எவ்வளவுதான் இரைத்தாலும் ஆவியாதல் நடக்காது. இரைக்கும் உழைப்பால் உடம்பு இன்னும் சூடேறும். வாசல் திறந்திருந்தால் நிலைமை இவ்வளவு மோசமாகாது என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு குறுகிய வாசல் உள்ள பெட்டியில் காற்று புகுந்து வெளியேற வழியில்லை. வாசலருகே சுழன்றுவிட்டுத் திரும்பிவிடும்.

இதுவரை வெயிலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தெளிந்த நாளின் உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் வாட் வெயில் விழுகிறது. நாய் வீட்டின் கூரை எப்படியும் ஒரு சதுர மீட்டருக்குக் குறையாது. நாய் தருவது 32, கூரைக்கு வருவது 1,000. மரம் தேக்கா பைனா என்று ஆசாரியோடு வாதிடும் முன்பு இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தார்த் தகடு இந்த வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கிவிடும். அந்தச் சூடு பலகையின் அடிப்பக்கம்வரை இறங்கி, அது 60 டிகிரியை எட்டினால், கீழே படுத்திருக்கும் நாயின் முதுகின்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட் வெப்பக் கதிர் பொழியும். இருபது கிலோ நாயின் மேற்பக்கம் கால் சதுர மீட்டர் என்று வைத்தால்கூட, தன் உடம்பு உண்டாக்கும் சூட்டுக்குச் சமமான இன்னொரு பங்கை அது கூரையிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. காற்று எத்தனை டிகிரி என்று வெப்பமானி காட்டுவதில் இது தெரியாது.

மரம் வெப்பத்தைத் தடுக்காதா? தடுக்கும். மரத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.12 முதல் 0.17 வாட் வரை, இரும்பு அதைப்போல முந்நூறு மடங்கு கடத்தும். தகரக் கொட்டகையில் நாயைக் கட்டுவதைவிடப் பலகைக் கூரை எவ்வளவோ மேல். ஆனால் 12 மில்லிமீட்டர் பிளைவுட் வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர நாள் முழுக்க நிறுத்திவைக்காது. இதற்கு மாற்று, தடித்த பலகை அல்ல, இரட்டைக் கூரை. பிளைவுட் கூரையின்மேல் இரண்டு அங்குல உயரத்துக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் இன்னொரு தகட்டைப் பரப்ப வேண்டும். மேல் தகடு வெயிலை வாங்கும், கீழ்க் கூரை அதன் நிழலில் இருக்கும், நடுவில் இருக்கும் சூடான காற்றை வீசும் காற்று அடித்துப்போகும். இரண்டு முனையும் திறந்திருந்தால்தான் இது வேலை செய்யும். அழகுக்காக ஓரத்தில் சட்டம் அடித்து மூடினால் போச்சு. மேல் தகட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் புதிதாக இருக்கும்வரை முக்கால் பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தென்னங்கீற்று வேய்ந்தாலும் வெப்பம் நன்றாகவே தணியும். ஆனால் அதில் தேளும் உண்ணியும் குடிபுகும், தீப்பொறி பட்டால் நாயைக் காப்பாற்ற நேரமிருக்காது.

காற்றோட்டத்திலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. மேலே ஒரு துளை போட்டால் சூடான காற்று தானே ஏறிப் போய்விடும் என்பார்கள். புகைபோக்கி போல உயரமாக இருந்தால் சரி. முக்கால் மீட்டர் உயரப் பெட்டியில், உள்ளே ஐந்து டிகிரி அதிகமாக இருந்தாலும், அந்த ஏற்றத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.15 பாஸ்கல்கூட இல்லை. நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வரும் இளங்காற்று இரண்டு பாஸ்கலுக்கு மேல் தள்ளும். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு வைத்துக் காற்றை ஊடே ஓட விடுவதுதான் புத்தி. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் பாதியைக் கீலில் தொங்கும் பலகையாக வைத்துவிட்டால் கோடையில் திறக்கலாம், ஐப்பசி மழைக்கு மூடலாம்.

எந்தத் திசை? சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிப்பொழுதுச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. கடும்கோடையில் தெற்குச் சுவர்மேல் நண்பகல் வெயில் விழுவதே இல்லை என்று பொருள். மார்கழியில் அதே சூரியன் தெற்கே 54 டிகிரி உயரத்தில் இறங்கி நின்று இதமாக உள்ளே எட்டிப் பார்க்கும். தெற்கு வாசல் இந்த இரண்டுக்கும் பொருந்துகிறது. வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் பருவமழைக்கும் முதுகு காட்டுகிறது. தவிர்க்க வேண்டியது மேற்கு. மாலை மூன்று மணிக்குச் சரிந்து வரும் வெயிலைத் தாழ்வாரம் எதுவும் மறைக்காது. கோவை, தேனி, தென்காசிப் பக்கத்தில் ஆனி, ஆடியில் அடிக்கும் மேற்குக் காற்றை நம்பி மேற்கே வாசல் வைக்க ஆசை வரும். காற்றுக்கு அந்தப் பக்கம் பலகை இடைவெளி போதும், வாசல் வேண்டாம்.

தரை விஷயத்தில் மரம் நமக்கு எதிரி. சுவரிலும் கூரையிலும் வெப்பத்தைக் கடத்தாதிருப்பது நன்மை. தரையில் அதுவே தொல்லை, ஏனென்றால் வெயில் காலத்தில் நாய் தன் முடியில்லாத அடிவயிற்றை எதன்மேலாவது ஒட்டிவைத்துச் சூட்டை இறக்கப் பார்க்கிறது. மண்ணைப் பறித்துப் பள்ளமாக்கி அதில் படுப்பதும், குளியலறைத் தரையைத் தேடிப் போவதும் இதற்குத்தான். மரப்பலகை சில நிமிடங்களிலேயே நாயின் சூட்டுக்கு ஏறிவிடும், அதற்குமேல் வாங்கிக்கொள்ளாது. கல் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தரையை ஆணியடித்து இறுக்காமல், உருவி எடுக்கும் இரண்டு தட்டிகளாகச் செய்யச் சொல்லுங்கள். பங்குனி பிறந்ததும் ஒரு தட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடப்பா கல்லைப் பொருத்தலாம். மழைக்காலம் வந்ததும் மறுபடி பலகை. பாதி கல், பாதி மரம் என்றிருந்தால் எது வேண்டுமென்று நாயே பார்த்துக்கொள்ளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஒல்லி உடம்பு நாய்களுக்கு எலும்பு துருத்திய முழங்கை என்பதால் கல்லில் மட்டுமே கிடந்தால் காய்ப்பு விழும். அவற்றுக்கு மரமும் வேண்டும்.

அளவுக்குப் பெரிய சாத்திரம் தேவையில்லை. உள்ளே திரும்பவும், நிமிர்ந்து நிற்கவும், கால் நீட்டிப் படுக்கவும் இடமிருக்க வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் நெருக்கமான அளவை இங்கே மறந்துவிடலாம்.

இனி மரம். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. அதிலுள்ள டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் அதற்கு ஆகாது. வெளிப்புறத்து வெள்ளை மரத்துக்கு அந்தக் காப்பு இல்லை. தேக்கென்று விலை கொடுத்துவிட்டு வெள்ளையை வாங்கி வருவதைவிட நல்ல வேம்போ வேங்கையோ வாங்கலாம். ரப்பர் மரம் விலை குறைவு, ஆனால் போராக்ஸ் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் துளைக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். பினால் பிசின் கொண்டு ஒட்டியது அது, மழையில் அடுக்கடுக்காகப் பிரியாது. தொழிற்சாலைகளிலிருந்து வரும் பைன் பேக்கிங் கட்டைகளைக் கொண்டும் அழகாகச் செய்கிறார்கள். அந்தக் கட்டையில் சூடுபோட்ட முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் உள்ளே 56 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தது, பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, விட்டுவிடலாம்.

பழைய வீடு இடித்த மரத்தில் செய்வதும் நம் ஊர் வழக்கம். நாற்பது, ஐம்பது ஆண்டுக் காய்ச்சல் கண்ட மரம் இனி வளையாது, நெளியாது. கவனிக்க வேண்டியது அதன்மேல் இருக்கும் பெயின்ட்டை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டை நாய்க்குட்டி பல் முளைக்கும் வயதில் கடித்துத் தின்றால் ஈயம் நேரே வயிற்றுக்குள் போகும்.

மரத்தைக் காக்கும் மருந்திலும் இதே சிக்கல். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து மரத்தில் ஏற்றும் முறை உலகமெங்கும் பல பத்தாண்டுகள் ஆண்டது. அதைக் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், ஆண்டு 1933. தந்திக் கம்பமும் ரயில் கட்டையும் கரையானிடமிருந்து தப்பியது அவரால். மின்கம்பத்தை யாரும் கடிப்பதில்லை, ஆனால் வீட்டுத் தாழ்வாரத்தையும் குழந்தைகளின் ஊஞ்சலையும் கைகள் தொடுகின்றன என்பதால், அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அது கைவிடப்பட்டது. நாய் தொடுவதோடு நிற்காது, நக்கும், கடிக்கும். எனவே மருந்தை நம்பாமல் ஈரத்தை விலக்குவதே நல்லது. மரத்தில் ஈரப்பதம் இருபது விழுக்காட்டைத் தாண்டாதவரை மக்கச்செய்யும் பூஞ்சை வளராது. மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும்படி வைத்தால் போதும்: கால்கள் கருங்கல் துண்டின்மேல் நிற்க வேண்டும், கூரை சுவரைத் தாண்டி ஒரு சாணாவது நீள வேண்டும், பலகையின் வெட்டுமுனைகளில் இரண்டு மூன்று பூச்சு அதிகம் கொடுக்க வேண்டும். மரத்தின் நீர்க்குழாய்கள் வாய் திறப்பது அந்த முனையில்தான். முகப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும்.

கூரை ஒழுகலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1956-இல் கலிஃபோர்னியாவில் ஜிம் பெர்கர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் நாய் எடிக்கு வீடு வரைந்து தரும்படி கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்குக் கடிதம் எழுதினான். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை உருவாக்கிக்கொண்டிருந்த அந்தக் கிழவர் மறுக்காமல் முக்கோண வடிவில் வரைபடம் அனுப்பிவைத்தார். கட்டியும் முடித்தார்கள். கூரை ஒழுகியது.

பிரித்து அட்டைப்பெட்டியில் வரும் வீட்டை வாங்கியிருந்தால் வந்த அன்றே பூட்டத் தொடங்காதீர்கள். ஏதோ ஒரு வறண்ட கிடங்கிலிருந்து வந்த பலகை உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் வருடம் முழுக்க அசையும். ஆறு அங்குல அகலத் தேக்குப் பலகை சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் விரியக் கூடும். ஐந்து பலகையை நெருக்கி அடித்தால் முக்கால் சென்டிமீட்டர் போக இடம் தேடும். கிடைக்காவிட்டால் பலகை வெடிக்கும், அல்லது சட்டத்தைத் தள்ளிக் கோணலாக்கும். இரண்டு பலகைக்கு நடுவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விட்டுவிட்டால் பிரச்சினையில்லை, காற்றுக்கும் வழி.

முதலில் அடிச்சட்டம். மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் குறுக்கு மூலைகளை நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் சதுரிப்பாக இருக்கிறது. அரை சென்டிமீட்டர் பிசகினாலும் கூரை வைக்கும்போது பழி வாங்கும். திருகாணி ஏற்றும் முன் அதைவிடச் சன்னமான துளை போட வேண்டும், முக்கியமாகப் பலகையின் ஓரத்தில். ஆணியே வேண்டாம், எல்லாம் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாக இருக்கட்டும். கடலோரத்தில் 316 என்ற வகை. காரணம் உறுதி மட்டுமில்லை. இந்த வீட்டை நீங்கள் மறுபடி கழற்ற வேண்டிவரும்.

ஏன் என்றால் உண்ணி. நம் ஊர் நாய்களின்மேல் இருக்கும் பழுப்பு உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. இளம்பருவங்களிலும் முதிர்ந்த பிறகும் மூன்று முறை ரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து, ஏதாவது இடுக்கில் புகுந்துகொள்கிறது. மேல்நோக்கி ஏறும் பழக்கம் அதற்கு. கூரையும் சுவரும் சேரும் மூலை அதன் அரண்மனை. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுக்கொண்டே இருந்தும் உண்ணி தீராத வீடுகளில் கூண்டின் இடுக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் ரத்தக் காய்ச்சலைப் பரப்புவதும் இதுவே. குளிர்நாட்டு வடிவத்தில் பெருமையாகச் சொல்லப்படும் இரட்டைச் சுவர், நடுவே தெர்மோகோல் அடைத்தது, இங்கே உண்ணிக்கு நாமே கட்டித் தரும் குடியிருப்பு. ஒற்றைப் பலகை, இழைத்து வழவழப்பாக்கிய உள்பக்கம், சட்டங்கள் எல்லாம் வெளிப்புறம், கழற்றி எடுக்கும் கூரை என்று செய்தால் மாதம் ஒருமுறை பிரித்து, இடுக்கில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைக்கலாம்.

இத்தனையும் சமவெளிக்கு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் இந்தக் கட்டுரையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழும் இடத்தில் அந்த இணையக் கடைப் பெட்டி, அதன் சின்ன வாசலோடும் கறுப்புக் கூரையோடும், உள்ளே பரப்பிய வைக்கோலோடும், நாய்க்கு நிஜமாகவே நல்லது.

சமவெளிக்காரருக்கு ஒன்று மட்டும் மிச்சம். சங்கிலி போட்டுக் கட்டிய நாய்க்கு எந்த வீடும் உதவாது. நிழல் நகரும்போது அதுவும் நகர வேண்டும். வேப்ப மரத்தடி கிடைத்தால் வீட்டை அங்கே வையுங்கள். கால்களை வழக்கமான நாலு அங்குலத்தில் நிறுத்தாமல், நாய் நுழைந்து படுக்கும் உயரத்துக்கு, ஒன்றரை அடியாக்கச் சொல்லுங்கள்; ஏறிப்போக அகலமான ஒரு படி போதும். ஈர மண், நாலு பக்கமும் காற்று, தலைக்குமேல் மூன்று அடுக்கு நிழல். வீட்டுக்குச் செலவு செய்தவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், சித்திரை வைகாசியில் பகல் முழுக்க நாய் வீட்டுக்குக் கீழேதான் கிடக்கும்.